அடைக்கலம் கேட்கப் போகிறீர்களா? வாக்குமூலத்தை முதலில் தமிழில் எழுதுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், உயில், ஊரிலிருந்து வந்த கோர்ட் தாள் என்று எதைக் கொண்டுவந்தாலும் தமிழிலிருந்தும் மலாயிலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பேன். 2018 முதல் இன்னொரு வகைத் தாளும் என் மேசைக்கு வருகிறது. ஆணை விரும்பிய ஆணும் பெண்ணை விரும்பிய பெண்ணும் அதற்காகவே வீட்டில் அடிபட்டு, அறையில் பூட்டப்பட்டு, வேறு நாட்டில் அடைக்கலம் கேட்க எழுதும் வாக்குமூலம் அது.

முதலில் வந்தது என் சித்தி மகனுடையது. பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். இப்போது மெல்பர்னில் இருக்கிறான். தொடக்கத்தில் செய்த ஒரு தப்பைச் சரிசெய்ய அவனுக்கு ஐந்து வருஷம் ஆனது. அது உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் வழக்கறிஞர் முன்னால் போய் உட்காரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு பெண்ணோடு பத்தொன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள். அண்ணன் பேச்சை நிறுத்தியதோடு எங்கள் கதை முடிந்தது. எல்லாருக்கும் அவ்வளவில் முடிவதில்லை.

எங்கே கேட்பது

"அக்கா, ஜாலான் யாப் குவான் செங் பக்கம் தூதரகம் இருக்கே, அங்க போய்க் கேட்கலாமா?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். முடியாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தப்படி, அகதி என்பவர் தன் சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மலேசியக் குடிமகன் மலேசியாவில் இருந்துகொண்டு அகதியாக முடியாது. அடைக்கலம் தரும் நாட்டு மண்ணிலோ அதன் எல்லையிலோ நின்றுதான் கேட்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் என்று ஐந்து காரணங்களை ஏற்கிறது. நாம் வருவது அந்தச் சமூகக் குழு என்ற காரணத்தின் கீழ்.

இலங்கைத் தமிழராக இங்கே கோலாலம்பூரில் இருந்தால் கதை வேறு. நீங்கள் உங்கள் நாட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள். அதனால் இங்குள்ள யூஎன்எச்சிஆர், அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பின் அலுவலகத்தில் பதியலாம். மலேசியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. யூஎன் கார்டு கிடைத்தாலும் சட்டப்படி வேலை செய்யும் உரிமை வராது. செந்தூலில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி முதல் நேர்காணலில் போரைப் பற்றி மட்டும் சொன்னார். இன்னொரு ஆணோடு பிடிபட்டதற்காகத் தன் ஊரிலேயே அடித்து விரட்டப்பட்டதைச் சொல்லவில்லை. அவரே சொன்ன காரணம்: "மொழிபெயர்ப்பாளரும் எங்கட ஆள் அக்கா, ஊருக்குச் செய்தி போயிடும்." மொழிபெயர்ப்பாளர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வேறொருவரைத் தரும்படி, ஆணா பெண்ணா என்று சொல்லியே, முன்கூட்டிக் கேட்கலாம். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். பிறகு சேர்த்துச் சொல்வது மிகக் கடினம். ஏன் என்று கீழே வருகிறேன்.

மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றுக்கும் இணையவழிப் பயண அனுமதி வாங்கிச் சுற்றுலாவாகப் போகலாம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் விசா வேண்டும். எந்த நாடு என்றாலும் விண்ணப்பத்தில் பொய் எழுதாதீர்கள். அந்தத் தாள் பின்னால் உங்கள் கோப்பில் முதல் பக்கமாக வந்து நிற்கும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அங்குள்ள இலவசச் சட்ட உதவி அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் நிலைமையில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். மெல்பர்னில் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டரும் ரெஃப்யூஜி லீகலும் இருக்கின்றன. பிரிட்டனில் ரெயின்போ மைக்ரேஷன், கனடாவில் ரெயின்போ ரெயில்ரோட் இரண்டும் நம்மைப் போன்றவர்களுக்காகவே நடப்பவை. அமெரிக்காவில் நுழைந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது. கெடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த நாட்டிலும் தள்ளிப் போடப் போட "உண்மையில் பயந்தவர் ஏன் காத்திருந்தார்?" என்ற கேள்வி வளரும்.

"கோலாலம்பூருக்குப் போயிருக்கலாமே?"

நம் தமிழர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடுக்கிவிழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலேசியாவில் "இயற்கைக்கு மாறான உடலுறவு" என்று குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகள் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. ஆபாசச் செயல் என்ற 377டி என்றால் 2 ஆண்டு வரை. ஆங்கிலேயர் எழுதி வைத்துவிட்டுப் போன 377-இன் வழிவந்தவை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல், பெரியவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்றது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் நீக்கியது. இங்கே அப்படியே இருக்கிறது. இலங்கையிலும் அதே பரம்பரையில் வந்த 365ஏ இருக்கிறது. இதற்கு மேல் முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம் தனி. பினாங்கில் 1996-ஆம் ஆண்டின் மாநில ஷரியா குற்றச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்கு நீதிமன்ற அறையிலேயே, கூட்டத்துக்கு முன்னால், ஆளுக்கு ஆறு பிரம்படி கொடுத்தார்கள்.

இதையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்து இருபது பக்கம் இணைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் இந்துவாகவோ கிறிஸ்தவராகவோ இருந்தால் அதிகாரி முதலில் சொல்லப் போவது, "ஷரியா உங்களுக்குப் பொருந்தாதே." அடுத்தது, "377 சம்மதத்தோடு வாழும் பெரியவர்கள் மேல் எப்போதாவதுதான் பாய்கிறது." மூன்றாவது, "உங்களை அடித்த மாமாவிடம் பயம் என்றால் போலீஸிடம் போகலாம், இல்லை கோலாலம்பூரில் போய் இருக்கலாம். அங்கே உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே." ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறை மலேசியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அந்த நாட்டு அதிகாரிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். நீங்களும் போகும் முன் படியுங்கள்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த முதல் கேள்வி இல்லை. மற்றவர்களான நமக்கு மூன்றுக்கும் பதில் வேண்டும். பதில் செய்தித்தாளில் இல்லை, உங்கள் வாழ்க்கையில்தான் இருக்கிறது. உங்களைத் துன்புறுத்தியது யார்? போலீஸிடம் போனீர்களா? போனபோது என்ன நடந்தது? போகவில்லையென்றால் ஏன்? வேறு ஊருக்குப் போய்ப் பார்த்தீர்களா, அங்கே எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

என் தம்பி, அந்தச் சித்தி மகன், ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறான். முகப்பில் இருந்தவர் கேட்டுவிட்டு, "இனி ஹால் கெலுவார்கா," குடும்ப விஷயம் என்று சொல்லி, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கேலியாகக் கையை வளைத்துக் காட்டியிருக்கிறார். ரிப்போர்ட் எடுக்கவில்லை. "ரிப்போர்ட்டே இல்லையே, அப்போ எழுத என்ன இருக்கு?" என்றான் என்னிடம். அந்தக் கையை வளைத்ததைத்தான் எழுத வேண்டும் என்றேன். எந்த நாள், எத்தனை மணி, முகப்பில் எத்தனை பேர், அவர் சொன்ன மலாய் வார்த்தை மலாயிலேயே. காகிதம் இல்லாத இடத்தில் உங்கள் ஞாபகம்தான் சாட்சி.

கோலாலம்பூருக்கும் வந்தான். செந்தூலில் கார் கழுவும் கடையில் வேலை. ஐந்தாவது வாரம், அவனை அடித்த மாமா வந்து நின்றார். எப்படி என்றால், கடை முதலாளியின் மைத்துனர் பிறைக்குப் பக்கத்துப் பட்டர்வொர்த்துக்காரர், கல்யாண வீடு ஒன்றில் பேச்சு வந்திருக்கிறது. இந்த நாட்டில் மலேசிய இந்தியர் ஏறக்குறைய இருபது லட்சம் பேர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய எண். நமக்குத் தெரியும், எந்த ஊர், யார் வீடு, அப்பா பேர் என்ன என்று மூன்று கேள்வியில் பிடித்துவிடுவோம். இதை அதிகாரிக்கு நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டும். அவருக்கு இது தெரியாது.

"ரகசியமாக வாழ்ந்தால் பிரச்சனை இல்லையே" என்று மட்டும் யாரும் உங்களிடம் சொல்லக்கூடாது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2003-இல் வங்காளதேசத்து ஆண்கள் இருவரின் வழக்கிலும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010-இல் ஈரான், கேமரூன் நாட்டு ஆண்கள் இருவரின் வழக்கிலும் இதைத் தெளிவாக்கிவிட்டன. துன்புறுத்தலுக்குப் பயந்து ஒருவர் தன்னை மறைத்து வாழ்வதைப் பாதுகாப்பு என்று கணக்கில் எடுக்க முடியாது.

வாக்குமூலம் எழுதுவது

தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: என் உயிருக்கு ஆபத்து, சமூகம் என்னை ஏற்கவில்லை, நான் மிகவும் துன்பப்பட்டேன். தம்பியின் முதல் தாளும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கம், ஒரு தேதி இல்லை, ஒரு இடம் இல்லை. மடித்து வைத்துவிட்டு, "முதல் தடவை மாமா கை வெச்ச நாளைச் சொல்லு," என்று வாட்ஸாப்பில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தைப்பூசம் க்கா," என்றான்.

எந்த வருஷம்? தெரியவில்லை. எங்கே? தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில், நம் குடும்பம் போடும் தண்ணீர்ப் பந்தலில். ரதம் வருவதற்கு முன்பா பின்பா? முன்பு. தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள், இன்னும் உடைக்கவில்லை. அப்படியென்றால் தைப்பூசத்துக்கு முதல் நாள். தங்க ரதமா வெள்ளி ரதமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளி ரதம் மட்டும்தான். தங்க ரதம் அப்ப இல்ல," என்றான். பினாங்கில் தங்க ரதம் முதலில் வந்தது 2017 தைப்பூசத்துக்கு. அவன் கப்பாளா பாத்தாஸில் வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம் என்பதும் நினைவுக்கு வந்தது. 2016. அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி 24. ஆக, ஜனவரி 23, சனிக்கிழமை, சாயங்காலம்.

தேதி கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. போனை அத்தை மகள் பாட்டுப் போட வாங்கியது, திரையில் வந்த செய்தியை அவள் படித்தது, மாமாவிடம் காட்டியது. லாரிக்குப் பின்னால் இழுத்துப் போய் ரப்பர் குழாயால் அடித்தது. மோர் பீப்பாய் சாய்ந்து செருப்பெல்லாம் நனைந்தது. அடித்தவர் எனக்கும் தாய்மாமன்தான். அந்தச் சாயங்காலம் பந்தலின் முன்பக்கத்தில் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியாது. பதினொரு நாள் அவனை அறையில் வைத்திருந்ததும், ஐசி என்ற அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டதும், சாமியாடி ஒருவரை வரவழைத்து வேப்பிலை அடித்ததும் இரண்டு வருஷம் கழித்து இந்த வாக்குமூலம் எழுதும்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

ஆக, தேதி மறந்துவிட்டால் திருவிழாவைப் பிடியுங்கள். தீபாவளி, எஸ்பிஎம் தேர்வு, பொதுத் தேர்தல், வீட்டில் யாராவது இறந்தது, எந்த வேலையில் இருந்தீர்கள். அதற்கும் மேல் உறுதி இல்லையென்றால் "ஏறக்குறைய" என்று எழுதுங்கள். ஊகித்துச் சரியான தேதி போடாதீர்கள். நேர்காணலில் வேறு தேதி வாயில் வந்தால் அதுவே முரண்பாடு ஆகிவிடும்.

அடி உதையை மட்டும் எழுதி நிறுத்துகிறவர்கள் நிறைய. அதிகாரி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் நீங்கள் யார் என்பது. இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட எஸ். செல்வன் என்ற பிரித்தானிய வழக்கறிஞர் 2011-இல் இதற்கு ஒரு முறையை வகுத்தார். வேறுபாடு, இழிவு, வெட்கம், தீங்கு என்று நான்கு படிகள். மற்றவர்களைப் போல் இல்லை என்று முதலில் எப்போது பட்டது? அதை ஊர் எப்படி இழிவாகப் பார்த்தது? அது உங்களுக்குள் என்ன செய்தது? கடைசியில் என்ன தீங்கு வந்தது? தம்பி முதல் கேள்விக்கு ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் இரவு, ஐந்தாம் வகுப்பில் தேவாரப் போட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடிய பையனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினான். அதில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பையன் பள்ளி மாறிப் போனபோது இவனுக்குக் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். அதை அப்படியே வைத்தோம்.

இதில் படுக்கையறை எதுவும் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பரில், உடலுறவு பற்றிய விலாவாரியான கேள்விகள், உடல் சோதனை, அந்தரங்க வீடியோ எதுவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட படங்களை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

எந்தச் சொல்லால் உங்களைச் சொல்லிக்கொள்வது என்று பலர் குழம்புகிறார்கள். தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லை நீங்கள் வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை என்றால், அதை இப்போது போட வேண்டாம். உங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? "நான் அந்த மாதிரி" என்றா, பெயரே இல்லாமலா? அதை எழுதுங்கள். உங்களைத் திட்டிய சொற்களை, பொண்டான், ஒம்போது, அலி, அப்படியே தமிழில் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு கேவலமாகச் சொல்லப்படுவது என்று ஒரு வரி விளக்குங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இந்தச் சொற்களை மென்மையாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வார்கள். அதனால் அடி சிறிதாகத் தெரியும்.

அவங்க என்ற சொல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வெளிநாடு போன ஒரு தங்கை, பெண்ணோடு நான்கு வருஷம் வாழ்ந்தவள். நேர்காணலில் தமிழில் பேசினாள். தன் துணையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "அவங்க" என்றாள். அவங்க சமைப்பாங்க, அவங்க வீட்டுல ஒத்துக்கல, அவங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்க. நாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். மரியாதையும் இருக்கும், ஆணா பெண்ணா என்று வெளியே தெரியவும் தெரியாது. மலாயில் "டியா" என்பதும் அப்படித்தான். வருஷக்கணக்காக இந்தச் சொற்களுக்குப் பின்னால்தான் நாம் ஒளிந்திருக்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது, ஆண் அல்லது பெண் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெண் ஒருத்தி "அவங்க" என்றதும் அந்த மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் ஆண்பாலில் சொல்லிவிட்டார். மூன்று இடத்தில். எழுத்துப் பதிவில் அவள் ஓர் ஆணோடு வாழ்ந்ததாக வந்தது.

அதனால் நேர்காணலில் உங்கள் துணையைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். இல்லையென்றால் அவன், அவள். மரியாதைக் குறைவாகப் பட்டால் "என்னோடு வாழ்ந்த பெண்" என்று முழுதாகச் சொல்லுங்கள். "ஃப்ரெண்ட்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள், அது வெறும் நண்பராகத்தான் பதிவாகும். மலேசியத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். இலங்கைத் தமிழர் என்றால் இலங்கைத் தமிழ். பாதியில் புரியவில்லை என்றால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள், இடைவேளை கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள். எழுத்துப் பதிவையோ ஒலிப்பதிவின் பிரதியையோ கேட்டு வாங்கி, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். தப்பு இருந்தால் முடிவு வருவதற்குள் எழுத்தில் திருத்தம் கொடுக்க வேண்டும்.

ஆதாரம்

வாட்ஸாப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காமல், உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். பழைய போனை விற்காதீர்கள். குரல் செய்திகளைத் தமிழில் எழுதி, பிறகு மொழிபெயர்த்து வையுங்கள். கிளினிக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு. நடந்ததைப் பார்த்தவர், அல்லது நீங்கள் முதன்முதலில் சொன்ன ஆள் இருந்தால் அவரிடம் அக்குவான் பெர்கானுன் வாங்குங்கள். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடும் உறுதிமொழி அது. கோர்ட் பக்கத்திலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் அந்த ஆணையர்கள் இருப்பார்கள். தம்பிக்கு நான்தான் கொடுத்தேன். அந்தப் பந்தலில் நான் இருந்ததையும், அவன் அதற்குப் பின் பதினொரு நாள் வேலைக்குப் போகாததைச் சித்தி "வைரஸ் காய்ச்சல்" என்று என்னிடம் சொன்னதையும் எழுதினேன்.

நாட்டு நிலைமைக்குச் சில செய்திகள் போதும். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, திருநங்கையரின் உரிமைக்காகப் போராடும் நிஷா அயூப்பின் படத்தையும் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசும் பாங் கீ தேய்க்கின் படத்தையும் அமைச்சரின் சொல்படி எடுத்தார்கள். 2023 மே மாதம் வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்கள் 172-ஐக் கடைகளில் பறிமுதல் செய்தார்கள்; 2024-இல் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இந்த இரண்டாவது பாதியையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகாரி அதைப் படித்திருப்பார்.

இவை எல்லாவற்றையும் வீட்டில் யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் கணக்கில் வையுங்கள். தட்டச்சு செய்த வாக்குமூலத்துக்கு "மாமிக்கு மீன் கறி" என்றோ வேறு எதுவோ பெயர் வையுங்கள். பிறப்புப் பத்திரத்தின் அசலை எடுத்துப் போக முடியவில்லையென்றால் போட்டோவாவது எடுங்கள். எழுத எழுத மனம் தாங்காமல் போகும் நாட்கள் வரும், அப்போது நிறுத்திவிடுங்கள். மனம் விட்டுப் பேச, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எண்ணில் இரவும் பகலும் எடுப்பார்கள். இங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ள பிடி ஃபவுண்டேஷன் 1987-இலிருந்து இருக்கிறது. ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. மற்ற நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அசைலம் ஆக்சஸ் மலேசியா.

ஏஜென்ட்

தம்பியின் ஐந்து வருஷம் போனது இங்கேதான். 2016 கடைசியில் ஓர் ஏஜென்ட் மூலம் போனான். 2,500 மலேசிய வெள்ளி, அதாவது ரிங்கிட். ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா, அதாவது 866 வகை, விண்ணப்பக் கட்டணம் சில பத்து டாலர்தான். மற்றதெல்லாம் ஏஜென்டின் பைக்கு. காரணம் என்ன என்று அவனிடம் கேட்கவே இல்லை. "எல்லாருக்கும் ஆலோங் கதைதான் எழுதறோம், வேலை செய்யற உரிமை வந்துடும்," என்று வட்டிக்காரனிடம் கடன் பட்டு ஓடிவந்ததாக எழுதிவிட்டார். தம்பிக்கு உண்மையைச் சொல்ல வெட்கம், அதனால் கையெழுத்துப் போட்டான். 2018-இல் நிராகரிப்பு. அப்போதுதான் எனக்குப் போன் செய்தான்.

மேல்முறையீட்டில் உண்மையைச் சொன்னபோது, கேள்வி நேராக வந்தது: முதலில் ஏன் சொல்லவில்லை? நியாயமான விளக்கம் இல்லாமல் புதிய காரணத்தைக் கொண்டுவந்தால் அதை நம்பகத்துக்கு எதிராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஏஜென்ட் கதையைப் பற்றித் தனியாக நான்கு பக்கம் எழுதினோம். எவ்வளவு பணம், எங்கே சந்தித்தது, என்ன சொன்னார், இவன் ஏன் வாயைத் திறக்கவில்லை. பொய்க்குக் கையெழுத்திட்டதை ஒப்புக்கொண்டான். 2021-இல் விசாரணை, அதன்பிறகு விசா. ஒரு பொய்யைக் கழுவ அத்தனை நாள் ஆனது. எல்லாருக்கும் கழுவக் கிடைப்பதில்லை. ஒருமுறை முழுதாக நிராகரிக்கப்பட்டால், அங்கிருந்தபடி இரண்டாம் முறை பாதுகாப்பு விசா கேட்க வழக்கமாக முடியாது.

விண்ணப்பித்த பிறகு மலேசியாவுக்குத் திரும்பி வராதீர்கள். தீபாவளிக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் வந்து போனாலே, பயம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தின் கனம் எனக்குத் தெரியும். சித்தி 2020-இல் இறந்தபோது பிறையில் கொள்ளிச் சட்டி தூக்கியது என் அண்ணன். தம்பி போனில் பார்த்தான்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம். விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சல் உங்களுடையதாக, கடவுச்சொல் உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். கணக்கை நீங்களே திறந்து வாரம் ஒருமுறை பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நிராகரிப்பு வந்தால் மறுஆய்வு கேட்க 28 நாள்தான். 2024 அக்டோபரிலிருந்து அதைக் கேட்பது நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம். பூச்சோங்கைச் சேர்ந்த ஒரு தங்கையின் விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தார். முடிவுக் கடிதம் அவருக்குப் போனது. அவர் எண்ணை மாற்றிவிட்டிருந்தார். அவள் தற்செயலாகத் தெரிந்துகொண்ட அன்று நாற்பத்தொன்றாவது நாள்.